இருநூற்றுப் பன்னிரண்டு மணி

பொண்டியில் இரண்டு அறை விற்ற காசில்
பாதிகூட ஆகவில்லை, மயேன் பக்கம் இந்த வீடு.
கூடவே நாலாயிரம் சதுர மீட்டர் புல்லும் வந்தது.
பத்திரத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

மே மாதம். முழங்காலைத் தாண்டியது.
தள்ளுகிற மிசினோடு எட்மன் இறங்கினார்.
ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து
குசினித் தரையில் அப்படியே படுத்தார்.
யன்னலால் எட்டிப் பார்த்தேன்:
வெட்டியிருந்தது
பாய் விரிக்கக் காணும்.

அன்றிரவே மின்சார பில் உறையின் முதுகில்
கோடு கிழித்துக் கணக்கு வைத்தார்.
அகலம், குதிரைவலு, விலை, விலை, விலை.
"ஜீரோ டர்ன் எண்டு ஒண்டிருக்கு.
நிண்ட இடத்திலயே திரும்புமாம்.
அப்பிள் மரத்தைச் சுத்தினா
ஒரு குடுமி மிஞ்சாதாம்."
மூவாயிரத்து ஐந்நூறு யூரோ எங்கள் எல்லை.
உறையில் இருந்த பதினொரு மிசினில்
ஒன்பது எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றன.

மெஸ்யு பெல்லியேயின் கடையில்
வாசலிலேயே ஒன்று, புதுசு, செம்மஞ்சள்,
மூவாயிரத்து நானூற்றித் தொண்ணூறு,
கழுத்தில் ரிப்பன்.
எட்மனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.
நான் குந்தி, வெட்டுப் பெட்டியைத் தட்டினேன்.
பிஸ்கட் டின் போல் கத்தியது.
கிரீஸ் எங்கே அடிப்பது? அடிக்க முடியாது, மூடியது.
பின்சக்கரப் பெட்டிக்கு எண்ணெய் மாற்றுவது?
அதுவும் மூடியது, மதாம்.
பழுதானால்?
அவர் ரிப்பனைச் சரி செய்தார்.

பிறகு அவரே கேட்டார்: நிலத்தில் சரிவு உண்டா?
"இல்லை" என்றார் எட்மன்.
"உண்டு" என்றேன், "குளத்தடியில்."
அப்படியென்றால் அங்கே மட்டும் போகாதீர்கள்;
ஈரப்புல்லில் இது வழுக்கும்,
வழுக்கினால் முன்சக்கரம் சொல்வழி கேளாது.
அந்த ஒரு சொல்லுக்காகத்தான்
அவரை நம்பத் தொடங்கினேன்.

கொட்டகைக்குள் கிடந்தது மற்றது.
முகாம் ஒன்றில் புல் வெட்டியதாம். மஞ்சள் வெளுத்து,
இருக்கை கிழிந்து பஞ்சு தெரிய.
மணிக்கூடு இருநூற்றுப் பன்னிரண்டு காட்டியது.
தட்டினேன். தட்டிய விரல்தான் நொந்தது.
நாலு இடத்தில் கிரீஸ் முலை.
மூவாயிரத்து இருநூறு.

எட்மன் முதலில் ஏறினார்.
வலது கை முன்னால், இடது கை யோசனையில்.
மிசின் பாம்பாய் நெளிந்து
பூச்சாடி அடுக்கை மோப்பம் பிடித்துவிட்டு நின்றது.
"நீர் ஏறும்" என்றார், வேறெங்கோ பார்த்தபடி.

இரண்டு கைப்பிடியையும்
முட்டை பிடிப்பது போல் பிடித்தேன்.
போய், சுவரண்டை மெதுவாக்கி,
ஒன்றை முன்னே, ஒன்றைப் பின்னே,
வந்த தடத்தின் ஓரத்தை ஒரு சாண் மிதித்துக்கொண்டு
திரும்பி வந்தேன்.
எங்கே பழகினீர்கள், மதாம்?
ருவாஸி விமான நிலையம், இரவு ஒன்று முதல் ஐந்து வரை.
இருபத்தொரு வருடம் தரை கழுவும் வண்டி.
அதற்குச் சுக்கான் இருந்தது, மற்றப்படி
தூக்கத்தில் இருக்கிறவர்களின் காலில் ஏறாமல்
ஓட்டத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.
நூற்றைம்பதைக் குறைத்தார்.
கத்தி தீட்டித் தரச் சொன்னேன்.

வியாழன் கொண்டு வந்து இறக்கினார்கள்.
வெள்ளி காய்ந்த பிறகு ஏறினேன்.
முதல் தரம் உயர வைத்து, இரண்டாம் தரம் பதித்து.
பெட்டி இழுத்துக்கொண்டு குறுக்கே வர ஒருவருமில்லை.
எட்மன் குளத்தடியில்
தள்ளுகிற மிசினோடு மல்லுக்கட்டினார்.

மூன்றாவது அப்பிளடியில் ஒரு தேரை.
உள்ளங்கை அளவு. அசையவில்லை.
கைப்பிடிகளை வெளியே விரித்து நிறுத்தினேன்,
கத்தியை நிறுத்த மறந்து எழும்பிவிட்டேன்.
இருக்கையில் பாரம் போனதும்
எஞ்சின் தானாகவே நின்றது.
அப்போதுதான் கேட்டது:
குளத்துப் பக்கம் இருந்து எட்மன்
மிசினைத் திட்டிக்கொண்டிருப்பது.
தேரை என்னைப் பார்த்தது.
நானும் அவசரப்படவில்லை.